கொசுவும் காவலாகுமா?

உருவில் சிறியது கொசு; அது விளைக்கும் கேடோ பெரிது! 1897-ஆம் ஆண்டு செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார் ரொனால்டு ராஸ். அதன் பின் எத்தனையோ மருந்துகளைத் தெளித்தோம். கொசுவோ அவற்றையும் தாங்கி வாழப் பழகிக்கொண்டது.

இன்று அறிவியல் வேறொரு வழி காட்டுகிறது. கொசுவின் உடலில் வாழும் பாக்டீரியாவைக் கொண்டே நோய்க்கிருமியைத் தடுப்பதுதான் அந்த வழி. டெல்ஃப்டியா என்னும் பாக்டீரியா கொசுவின் குடலில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதை 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. டெங்குவுக்கு வோல்பாக்கியா. பல பூச்சிகளில் இயற்கையாகவே வாழும் இதனை ஏடிஸ் கொசுவுக்குள் புகுத்தினால், அங்கே டெங்கு வைரஸ் பெருகுவது குறைகிறது. தாய்க்கொசுவின் முட்டை வழியே குஞ்சுகளுக்கும் இது சென்றுவிடுகிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இத்தகைய கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைந்ததென 2021-இல் அறிவித்தனர். நம் புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையமும் இத்தகைய கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022-இல் அறிவித்தது. அவற்றை வெளியில் விட அரசின் அனுமதி வேண்டும்.

இச்செய்தியை, தோவாளையில் வீட்டுத் திண்ணையில் பூக்கட்டிக்கொண்டிருந்த என் தாயாரிடம் சொன்னேன். "ஏன் மக்களே, கொசுவ ஒழிக்கக் கொசுவையே கொண்டு விடுவாங்களா?" என்று கேட்டார்.

பள்ளி செல்லாதவர் கேள்விதானே என்று தள்ளிவிடலாமா? கூடாது! மரபியல் முறையில் கொசுவைக் கட்டுப்படுத்த, உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் டில்லியில் முன்பு ஆய்வு நடத்தின. 'இது உயிரியல் போருக்கு ஒத்திகையோ?' என்ற ஐயம் பத்திரிகைகளில் கிளம்பி நாடாளுமன்றம் வரை சென்றது. சோனிப்பட்டில் கொசுக்களை விடுவதற்கு முன்பே, 1975-இல் அத்திட்டம் நின்றது. மக்களின் நம்பிக்கையைப் பெறாத அறிவியல் ஆய்வுக்கூடத்தின் வாசலைத் தாண்டாது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எனவே, இம்முறையை நாம் வரவேற்போம். ஆனால் ஊரைக் கேட்டு, ஊருக்குச் சொல்லிச் செய்யட்டும். விடும் கொசுக்களில் கடிக்கும் பெண் கொசுக்களும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்லட்டும். அதைத் தமிழில், திண்ணையில் அமர்ந்து சொல்ல யாரால் முடியும்? வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிப்படி ஏறிய நம்மால்தான் முடியும், நண்பர்களே!

என் தாயாருக்கு நான் இன்னும் முழுமையாக விடை சொல்லி முடிக்கவில்லை. ஆனால் அன்று மாலையே எங்கள் தண்ணீர்த் தொட்டியில் நெளிந்த கூத்தாடிப் புழுக்களைக் காட்டினேன். மறுநாள் அத்தொட்டிக்கு மூடி வந்தது!