எண்ணைப் பார்த்துப் பயப்படாதீர்கள்



பிள்ளைக்கு ஐ.க்யூ. டெஸ்ட் எடுத்துவிட்டு, வந்த எண்ணை நினைத்துத் தூக்கம் தொலைக்கும் பெற்றோர் இப்போது அதிகமாகிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 108, நம் பிள்ளைக்கு 92. அவ்வளவுதான், வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்குவதில்லை.

சராசரியை 100 என்று வைத்துத்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். மூன்றில் இரண்டு பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில்தான் வருவார்கள். 92, 108 இரண்டுமே அதற்குள்தானே இருக்கின்றன?

இந்த டெஸ்ட் முதலில் யாருக்காக வந்தது, தெரியுமா? படிப்பில் பின்தங்கிய குழந்தைகளுக்காக. பிரான்ஸில் எல்லாக் குழந்தைகளும் படிக்க வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, சிலரால் வகுப்போடு ஈடுகொடுக்க முடியவில்லை. ஓர் ஆசிரியர் 'மக்கு' என்று சொல்லிவிட்டால் போதுமா? இதை ஆராய 1904-இல் அரசு குழு அமைத்தது. அதில் இருந்த உளவியலாளர் ஆல்ஃபிரட் பினே, டாக்டர் தியோடர் சிமோனுடன் சேர்ந்து 1905-இல் 30 சோதனைகளை உருவாக்கினார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்வதில் ஆரம்பித்து, போகப்போகக் கடினமாகும். யாருக்குத் தனிக் கவனம் தேவை என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம்.

அறிவு பிறவியிலேயே அளந்து வைத்தது, கூட்ட முடியாது என்றவர்களை 1909-இல் எழுதிய நூலில் பினே கடுமையாக எதிர்த்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். கவனம் சிதறும் குழந்தைகளுக்குப் பயிற்சிகளும் வகுத்தார். சொன்னதும் சிலையாக நிற்க வேண்டும் என்பது அதில் ஒன்று. நம் பிள்ளைகள் விளையாடும் அதே 'ஸ்டேச்சூ'!

1911-இல் பினே இறந்தார். மறு ஆண்டே ஜெர்மனியின் வில்லியம் ஸ்டெர்ன், டெஸ்டில் பிள்ளை எந்த வயதுக் குழந்தைக்கு ஈடாகச் செய்கிறது என்பதைக் காட்டும் 'மன வயதை' உண்மை வயதால் வகுக்கச் சொன்னார். 1916-இல் அமெரிக்காவின் லூயிஸ் டெர்மன் அதை 100-ஆல் பெருக்கினார். உதவிக்கு வந்த டெஸ்ட், பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் ஒற்றை எண்ணானது.

ஆனால் அந்த எண்ணும் மாறாததல்ல. 1932 முதல் 1978 வரை அமெரிக்கர்களின் சராசரி ஐ.க்யூ., பழைய அளவுகோலில் பார்த்தால், ஏறத்தாழ 14 புள்ளிகள் உயர்ந்ததை ஆய்வாளர் ஜேம்ஸ் ஃபிளின் 1984-இல் காட்டினார். பரம்பரை அவ்வளவு வேகமாகவா மாறும்? மாறியது வாழ்க்கைச் சூழல்தான்.

டெஸ்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. படிக்கச் சிரமப்படும் குழந்தைக்கு அது பெரிய உதவி. ஆனால் ரிப்போர்ட் வந்ததும் நினைவாற்றல், மொழி, வேகம் என எதில் சிரமம், வீட்டில் என்ன செய்யலாம் என்று உளவியலாளரிடம் கேளுங்கள். அன்று பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்ததா, வீட்டில் பேசாத மொழியில் டெஸ்ட் நடந்ததா, அதையும் சொல்லுங்கள். அந்த எண்ணை மட்டும் பிள்ளையின் காதுபட உறவினர்களிடம் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்