மூன்று ஆண்டுக் கணக்கு



கோடை விடுமுறை என்றவுடன் சொந்த ஊருக்குச் செல்லும் தொடர்வண்டிதான் நம் நினைவுக்கு வரும். வெளிமாநிலத்தில் வாழும் நம் வீடுகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே பயணச்சீட்டைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். ஏறத்தாழ அதே நாள்களில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு வேறொரு பயணத்திற்கான விண்ணப்பமும் இணையத்தில் திறக்கப்படுகிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய இஸ்ரோ நடத்தும் 'யுவிகா' என்னும் இளம் விஞ்ஞானி திட்டமே அது.

இத்திட்டம் 2019ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. மே மாதத்தில் இரண்டு வாரங்கள் மாணவர்கள் இஸ்ரோவின் மையங்களில் தங்கிப் பயில்கின்றனர். திருவனந்தபுரம், பெங்களூரு, ஸ்ரீஹரிகோட்டா, ஐதராபாத், அகமதாபாத், டேராடூன், ஷில்லாங் ஆகிய இடங்களில் அம்மையங்கள் உள்ளன. அறிவியலாளர்களின் உரைகளைக் கேட்கலாம், ஆய்வுக்கூடங்களைக் காணலாம், சிறு ஏவூர்தி மாதிரிகளைக் கையாளலாம், இரவில் தொலைநோக்கியின் வழியே வானத்தைப் பார்க்கலாம். மாணவரின் பயணம், தங்குமிடம், உணவு, பாடப்பொருள் ஆகியவற்றின் செலவை இஸ்ரோவே ஏற்கிறது.

இவ்வளவு நல்ல வாய்ப்புக்குப் போட்டி இல்லாமல் இருக்குமா? 2024ஆம் ஆண்டு ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். தேர்வானவர்களோ ஏறத்தாழ 350 பேர். இந்த எண்ணைக் கேட்டவுடன், "நமக்கெங்கே கிடைக்கப்போகிறது?" என்று பலர் ஒதுங்கிவிடுகின்றனர். வேறு சிலர் இதனைக் குலுக்கல் சீட்டாகக் கருதி, கடைசி நாளில் எதையோ நிரப்பி அனுப்பிவிடுகின்றனர். இரண்டுமே தவறு என்பது என் கருத்து. தேர்வு எவ்வாறு நடைபெறுகிறது என்பதை உற்றுநோக்கினால் இதன் காரணம் விளங்கும்.

2024ஆம் ஆண்டின் அறிவிப்பின்படி, நூற்றுக்கு ஐம்பது பங்கு எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு உரியது. இணையவழி வினாடி வினாவிற்குப் பத்து. அறிவியல் கண்காட்சியில் பங்கேற்றமைக்குப் பத்து வரை. ஒலிம்பியாட் போன்ற போட்டிகளில் பெற்ற பரிசுக்கு ஐந்து வரை. விளையாட்டில் பெற்ற வெற்றிக்கு ஐந்து வரை. சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவற்றுள் ஒன்றில் உறுப்பினராக இருந்தால் ஐந்து. ஊராட்சிப் பகுதியிலுள்ள பள்ளியில் படிப்பவருக்குப் பதினைந்து. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும். ஆகவே, உங்கள் ஆண்டின் அறிவிப்பை நீங்களே ஒருமுறை முழுமையாகப் படித்தல் வேண்டும்.

இப்பட்டியலில் ஓர் இரவில் ஈட்டக்கூடியது எது? வினாடி வினா ஒன்றுதான். மற்றவை யாவும் முன்பே நடந்து முடிந்தவை. கண்காட்சி, பரிசு, விளையாட்டு, சாரணர் இயக்கம் ஆகிய நான்கிற்கும் கடந்த மூன்று ஆண்டுகள் கணக்கில் கொள்ளப்படுகின்றன. ஒன்பதாம் வகுப்பின் இறுதியில் நிரப்பும் படிவம், ஏழாம் வகுப்பிலிருந்து நீங்கள் எவ்வாறு வாழ்ந்தீர்கள் என்று கேட்கிறது. எனவே, இதனை விண்ணப்பம் என்பதைவிட மூன்று ஆண்டுக் கணக்கு என்பதே பொருந்தும். அக்கணக்கை இன்றே எழுதத் தொடங்குபவருக்கு இலட்சம் என்னும் எண் அச்சம் தராது.

அறிவியல் கண்காட்சியில் பரிசு பெற்றிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, பங்கேற்றாலே போதும். பள்ளி அளவில் இரண்டு, மாவட்ட அளவில் ஐந்து, மாநில அளவிலும் அதற்கு மேலும் பத்து. நெகிழிப் புட்டியையும் பழைய மிதிவண்டிக் குழாயையும் கொண்டு ஒரு மாதிரியைச் செய்து மேசைமேல் வைத்தவருக்கும் அங்கே இடமுண்டு. "பரிசு வராது" என்று கூச்சப்பட்டு ஒதுங்கியவருக்கு மட்டுமே இடமில்லை.

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு தனித்த இடர்ப்பாடு உண்டு. தந்தைக்கோ தாய்க்கோ பணியிட மாற்றம் வரும். ஏழாம் வகுப்பு ஜோத்பூரில், எட்டாம் வகுப்பு குவாகாத்தியில், ஒன்பதாம் வகுப்பு போபாலில் என்று படிப்பு நகரும். மாற்றுச் சான்றிதழை மட்டும் மறவாமல் வாங்கிக்கொள்வோம். கண்காட்சிச் சான்றிதழ் பழைய பள்ளியின் அலமாரியிலோ, பிரிக்கப்படாத அட்டைப்பெட்டியின் அடியிலோ கிடக்கும். செய்த செயலுக்குச் சான்று இல்லையெனில் படிவத்தில் அது செய்யாத செயலே ஆகும். ஆகவே, ஒரு கோப்புறையை வாங்கி, ஒவ்வொரு சான்றையும் கிடைத்த அன்றே அதில் வையுங்கள். ஊர் மாறும்போது அக்கோப்புறை உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

அடுத்து, பலரை வருத்தும் ஒரு கேள்விக்கு வருவோம். ஊராட்சிப் பகுதிப் பள்ளிக்குப் பதினைந்து பங்கு தருவது நகரத்து மாணவருக்கு இழைக்கப்படும் அநீதி அன்றோ? நகரத்து மாணவர் 96 விழுக்காடு பெற்றால் அவருக்கு 48. சிற்றூர் மாணவர் 88 விழுக்காடு பெற்றால் அவருக்கு 44. பதினைந்தைச் சேர்த்தால் பின்னவர் முந்திவிடுகிறார். மனம் நோவது இயல்பே.

ஆயினும் பட்டியலை மீண்டும் பாருங்கள். கண்காட்சி பத்து, ஒலிம்பியாட் ஐந்து, விளையாட்டு ஐந்து, சாரணர் அல்லது மாணவர் படை ஐந்து. ஆக, இருபத்தைந்து. இவை பெரும்பாலும் நகரத்துப் பள்ளிகளின் வாயிற்படியிலேயே கிடைப்பவை. ஒலிம்பியாட் என்னும் சொல்லே எட்டாத பள்ளிகள் உள்ளன. மாவட்டக் கண்காட்சிக்குச் செல்ல இரண்டு பேருந்து மாற வேண்டிய ஊர்கள் உள்ளன. இருபத்தைந்தை நம் பக்கம் வைத்துக்கொண்டு அவர்தம் பதினைந்தைக் குறை கூறுதல் முறையாகுமா? பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை 2008ஆம் ஆண்டு சந்திரயான்-1 திட்டத்தின் இயக்குநராக விளங்கினார். குமரி மாவட்டத்துச் சிற்றூரில், அரசுப் பள்ளியில், தமிழ்வழியில் பயின்ற கே. சிவன் 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராகப் பணியாற்றினார். அத்தகைய ஊர்களில் இன்றும் பிள்ளைகள் படிக்கின்றனர். அவர்களுள் உங்கள் அத்தை மகனோ பெரியப்பா மகளோ கூட இருக்கலாம். இக்கோடையில் ஊருக்குச் செல்லும்போது இத்திட்டத்தைப் பற்றி அவர்களிடமும் சொல்லுங்கள். போட்டியாளர் ஒருவர் கூடுவதால் உங்கள் பெருமை குறையாது.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைகள்மீது கொண்ட அன்பினால் சிலர் படிவத்தைத் தாமே நிரப்புகின்றனர். வினாடி வினாவிற்கு அருகிலிருந்து விடை சொல்கின்றனர். பணம் கட்டினால் சான்றிதழ் அனுப்பும் போட்டிகளைத் தேடுகின்றனர். தேர்வாகிவிட்டால் இரண்டு வாரம் அங்கே தனியாக அமரப்போவது பிள்ளையே அன்றித் தந்தை அல்லர். பிறர் விடையால் உள்ளே சென்றவர், முதல் நாள் வகுப்பிலேயே தம் நிலையை உணர்ந்துவிடுவார். உண்மையாகக் கேள்வி கேட்கக்கூடிய மற்றொரு பிள்ளையின் இருக்கையும் அதனால் பறிபோகிறது.

படிவத்தில் கேட்கப்படாத ஒரு தகுதியும் உங்களிடம் உண்டு. யுவிகாவில் எல்லா மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் கூடுகின்றனர். முன்பின் அறியாத மொழி பேசும் பிள்ளைகளோடு ஒரே அறையில் தங்கி, ஒரே மேசையில் வேலை செய்தல் வேண்டும். புதிய ஊரில், புதிய வகுப்பில், முதல் நாளே நட்புக்கொள்ளும் கலையை ஊர் ஊராய் மாறிய நீங்கள் கற்றிருக்கிறீர்கள். அதற்கு மதிப்பெண் இல்லை. ஆனால், அங்கே சென்றபின் அதுவே பெரிதும் உதவும்.

இவ்வளவும் செய்தபின், தேர்வுப் பட்டியலில் பெயர் இல்லையென்றால்? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. இராமேசுவரத்தில் பிறந்து, சென்னையில் வானூர்திப் பொறியியல் பயின்ற ஏ.பி.ஜெ. அப்துல் கலாம், விமானப்படையில் சேர விரும்பி டேராடூனுக்குச் சென்றார். வந்திருந்த 25 பேரில் அவர் ஒன்பதாம் இடம் பெற்றார். தேர்வானவர்களோ எட்டுப் பேர். அவர் வருந்தினார், ஆயினும் தாம் கற்ற பொறியியலைக் கைவிடவில்லை. 1980ஆம் ஆண்டு ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்த எஸ்.எல்.வி.-3 ஏவூர்தித் திட்டத்தின் இயக்குநர் அவரே. அவர் ஏமாற்றத்தோடு திரும்பிய அதே டேராடூனில் இன்று யுவிகா மாணவர்கள் பயில்கின்றனர்.

தேர்வாகாத மாணவரிடம் மூன்று ஆண்டு உழைப்பு அப்படியே இருக்கும். கண்காட்சிக்காகக் கற்றது அழியாது. விளையாட்டில் பெற்ற உடல் உறுதி குன்றாது. பத்தாம் வகுப்பிலும் அதன் பின்னும் வரும் வேறு வாய்ப்புகளுக்கு அதே கோப்புறையை எடுத்துச் செல்லலாம்.

இப்பயிற்சியேட்டின் எதிர்ப்பக்கத்தில் மூன்று கட்டங்கள் வரைந்து, ஏழு, எட்டு, ஒன்பது என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் செய்ததை, அல்லது செய்ய விரும்புவதை, இரண்டிரண்டு வரிகளில் தமிழில் எழுதுங்கள். பிறர் எழுதியதைப் பார்க்க வேண்டா. கட்டம் ஒன்று வெறுமையாக இருந்தால் நாணவும் வேண்டா. எதை நிரப்ப வேண்டும் என்பதை அதுவே உங்களுக்குக் காட்டும்.