ஏழுவரி ஆமைக்கு மாற்று இடமா?

மாண்புமிகு மத்திய சுற்றுச்சூழல், வனம், பருவநிலை மாற்றத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

பெரிய நிகோபாரின் தெற்கே உள்ள கலாத்தியா விரிகுடா தங்கள் கோப்புகளில் பலமுறை வந்துபோன பெயர். 2021 ஜனவரியில், அங்கிருந்த வனவிலங்கு சரணாலயத்தை நீக்கத் தேசிய வனவிலங்கு வாரியத்தின் நிலைக்குழு ஒப்புக்கொண்டது. துறைமுகம் வர வேண்டுமாம். அதே மாதம் அமைச்சகம் வெளியிட்ட கடலாமைச் செயல்திட்டமோ அந்த விரிகுடாவை முக்கியமான முட்டையிடும் கரையாகச் சொன்னது. ஒரு மேசையில் எழுதியதை அடுத்த மேசையில் அடித்துவிட்டார்கள்!

அங்கே கரையேறுவது நம் மீனவர்கள் ஏழுவரி ஆமை என்று சொல்லும் பிராணி. கெட்டி ஓடு கிடையாது. தடித்த தோல், முதுகு நெடுக ஏழு வரி. எடை அரை டன்னைத் தொடும். இந்தக் கனத்தோடு பவளப்பாறையில் உரசினால் வயிறு கிழிந்துவிடும். அதனால்தான் பாறை மறிக்காத, திறந்த கடலைப் பார்த்த கரையாகத் தேடுகிறது. நவம்பர் தொடங்கி, இரவில் வந்து, பின்துடுப்புகளால் மாற்றி மாற்றி மணலை அள்ளி ஒன்றரை முழ ஆழத்துக்குக் குழி பறிக்கும். ஈரமில்லாத மணல் சரிந்து குழியை மூடிவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக்கூட அந்த மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது.

கரையை ஒட்டிய காட்டில் மெகாபோடு இருக்கிறது. நாட்டுக்கோழி அளவுப் பறவை, அடைகாக்காது. மண்ணையும் சருகையும் காலால் சீய்த்து மேடு கட்டி உள்ளே முட்டையிடும். சருகு மக்கும் சூட்டில் குஞ்சு பொரியும். கரைக்காடு போனால் அடுப்பே போனது போல.

2004இல் சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கத்தில் பெரிய நிகோபாரின் இந்தத் தென்கோடி ஏறக்குறைய 4 மீட்டர் தாழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் இன்று தண்ணீருக்குள் நிற்கிறது. கலாத்தியா மணலும் அன்று போயிற்று. பிறகு கடலே மணலைக் கொண்டுவந்து சேர்த்தது, ஆமையும் திரும்பியது. சுனாமியையே தாங்கிய கரை துறைமுகத்தைத் தாங்காதா என்று அதிகாரிகள் கேட்கலாம். விரிகுடாவின் வாய் திறந்திருந்ததால் மணல் வந்தது. அலைத்தடுப்புச் சுவர் எழுப்பிய பிறகு எந்த வழியாக வரும்?

ஈடாக, சிறிய நிகோபாரில் ஆமைக்கும் மெஞ்சல் தீவில் மெகாபோடுக்கும் 2022இல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆமை அங்கே ஏற்கெனவே முட்டையிடுகிறது. மெஞ்சலையோ நிகோபாரி மக்கள் தலைமுறைகளாகக் காத்துவருகிறார்கள். இருந்ததற்குப் பெயர்ப்பலகை வைத்தோமே தவிர, இழந்ததற்கு ஒரு முழம் மணல்கூடச் சேரவில்லை. வெட்டும் நிகோபார் காட்டுக்கு ஹரியானாவில் மரம் நடுவதும் இதே கணக்குதான்.

சரக்குக் கப்பல் வேறு துறைமுகத்தில் நிற்கும். கலாத்தியாவை மீண்டும் சரணாலயமாக அறிவியுங்கள். அடுத்த நவம்பருக்குள் செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஸ்ரீ விஜயபுரத்துத் தமிழர் ஒருவர்