தராசு பழக்கிய கணக்கு

இலங்கையின் தோட்ட மக்கள் தேர்தலில் தொழிற்சங்கத் தலைவர் காட்டும் சின்னத்துக்கே புள்ளடி போடுவார்கள் என்ற வாதத்தை ஏற்க முடியாது. 2024 மே மாதம் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்றது அரசு. செப்டம்பரில் முடிவான அடிப்படைச் சம்பளம் 1,350. நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் இரத்தினபுரியும் கேகாலையும் தேசிய மக்கள் சக்தியிடம் போயின. இரத்தினபுரியிலிருந்து அக்கட்சியின் சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் சென்றார்.

அந்தச் சம்பளமும் முழுதாகக் கைக்கு வருவதில்லை. குறித்த கிலோ கொழுந்து இல்லையென்றால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். நிறுக்கையில் சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவு. விடிய மழை பெய்தால் இறப்பர் வெட்டும் இல்லை. அந்தி நேரத்தில் தராசின் முன் நிற்கும் பெண்ணுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். வாக்குச்சாவடிக்கும் அதோடுதான் போகிறாள்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உருக்காலை மூடியதால் வாக்கு மாறினால் அது பொருளாதாரம். தோட்ட லயத்தில் மாறினால் மட்டும் ஏமாந்ததா? இப்படிச் சொல்வது எங்கள் மக்களின் அறிவை அவமதிப்பது.