சிறிய பள்ளியில் எல்லாருக்கும் மேடை உண்டு

மாணவர் குறைவு என்பதாலேயே பல பெற்றோர் தோட்டத் தமிழ்ப்பள்ளியைத் தவிர்த்துப் பட்டணத்துப் பள்ளியைத் தேடுகிறார்கள். 150 மாணவருக்குக் குறைந்தால் அது ‘குறைந்த மாணவர் பள்ளி’. குடும்பங்கள் தோட்டத்தை விட்டு வெளியேறியதால் கோலசிலாங்கூர் வட்டாரத்திலும் இத்தகைய பள்ளிகள் உண்டு.

எண்ணிக்கை மட்டும்தான் தரமா? நானும் இவ்வட்டாரத் தோட்டப் பள்ளியில் படித்தவள். எங்கள் வகுப்பில் பதினொரு பேர். சபைக்கூடலில் ஆளுக்கொரு வாரம் பேச வேண்டும். பின்வரிசையில் ஒளிய முடியாது. பொங்கலுக்குக் கோலம் போடுவது, கரும்பு கட்டுவது, விருந்தினரை வரவேற்பது எல்லாம் நாங்களே. விளையாட்டுப் போட்டியில் மெதுவாக ஓடுபவருக்கும் அஞ்சல் ஓட்டத்தில் இடமுண்டு. இல்லாவிட்டால் இல்லத்துக்கு ஆள் போதாது. மே 16 ஆசிரியர் தினத்தை வழிநடத்துவதும் மாணவர்தான். இன்று பல்கலைக்கழகத்தில் மலாயிலும் ஆங்கிலத்திலும் தயங்காமல் பேச அந்தப் பழக்கமே கைகொடுக்கிறது.

குறைகளும் உண்டு. சில சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். அதற்கு ஆசிரியர்களும் வசதிகளும் கேட்போம். பள்ளியைக் கைவிடுவது தீர்வாகாது.

யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. பிள்ளை என்னவெல்லாம் செய்கிறது என்று பார்க்க வேண்டிய காலம் இது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். இன்று நூறு பேர் இருந்தும் நாம் தயங்கலாமா?

முன்னாள் மாணவர்களே, அடுத்த விளையாட்டுப் போட்டிக்குத் திடலில் கோடு போடவாவது போவோம். முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைப் பதியவிருக்கும் அண்டை வீட்டாரையும் அழைத்துச் செல்வோம். அவர்கள் நேரில் பார்க்கட்டும்.