யாருக்கு எழுதின நிருபம்?

துர்உபதேச சபைகள் என்று ஒரு பட்டியல் நம்ம ஊர்ப் போதகர்கள் கையில் எப்போதும் இருக்கிறது. யெகோவா சாட்சிகள் அதில் உண்டு. மார்மோன்கள் உண்டு. அண்மையில் ஒரு போதகர் கேரளத்துப் ‘பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை’யையும் அதில் சேர்த்துப் பேசக் கேட்டேன். பறையரும் புலையரும் குறவரும் கூடி உண்டாக்கின சபை அது. பைபிளைத் தள்ளினவர்கள், மனுஷனைத் தெய்வமாக்கினவர்கள், ஆகவே கிறிஸ்தவர்கள் அல்ல என்றார். அஞ்சு நிமிஷத்தில் தீர்ப்பு முடிந்துவிட்டது. அந்த ஜனங்கள் ஏன் தள்ளினார்கள் என்பதற்கு அரை நிமிஷம்கூட ஒதுக்கவில்லை.

தீர்ப்பை நான் மறுக்கப் போவதில்லை. பொய்கையில் யோகன்னானுடைய போதனை கிறிஸ்தவம் இல்லைதான். ஆனால் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பது யார், எந்தப் படியில் அளக்கிறார்கள் என்பதைப் பேசியாக வேண்டும்.

யோகன்னான் 1879இல் திருவல்லாவுக்குப் பக்கத்தில் இரவிப்பேரூரில் ஒரு பறையர் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அடிமைப்பட்டுக் கிடந்தவர்கள். திருவிதாங்கூரில் அடிமை முறையை 1855லேயே ஒழித்தாயிற்று. காகிதத்தில். தாயை ஒரு பக்கம் பிள்ளையை ஒரு பக்கம் விற்றதும், எருமையோடு சேர்த்து மனுஷனை ஏரில் பூட்டினதும் ஜனங்கள் ஞாபகத்தில் ரணமாகவே இருந்தது. குமாரனாக இருந்த பையன் யோகன்னான் ஆனான். எழுத்துக் கற்றுக்கொண்டான். பைபிளைக் கரைத்துக் குடித்தான்.

முதலில் போய்ச் சேர்ந்தது மார்த்தோமா சபை. அது சீர்திருத்த சபை. புனிதர்களிடம் வேண்டுவதைச் சீர்திருத்தினார்கள், செத்தவர்களுக்கு ஜெபிப்பதைச் சீர்திருத்தினார்கள். சாதியைச் சீர்திருத்த மட்டும் மறந்துபோனார்கள். அங்கிருந்து வெளியேறி பிரதரன் சபைக்குப் போனார். பிஷப் கிடையாது, பாதிரி கிடையாது, எல்லாரும் சகோதரர் என்று பேரிலேயே எழுதிவைத்துக்கொண்ட சபை. அங்கேயும் புலையன் புலையனாகத்தான் இருந்தான். அப்புறம்தான் 1909-10 வாக்கில் சொந்தமாகச் சபை. வாகத்தானத்தில் கூட்டத்துக்கு நடுவே பைபிளை எரித்தார் என்று அவரைப் பற்றிய வரலாறுகள் சொல்கின்றன.

ஏன் எரித்தார்? இங்கேதான் நம்ம போதகர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். யோகன்னான் கேட்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது. பவுல் ரோமருக்கு நிருபம் எழுதினார், கொரிந்தியருக்கு எழுதினார், கலாத்தியருக்கு எழுதினார். திருவிதாங்கூர்ப் புலையருக்கு எழுதின நிருபம் எங்கே? எங்களுக்கு எழுதாத கடிதத்தை எங்களிடம் வாசித்துக் காட்டி எங்களுக்கு என்ன?

விஷயம் தெரிந்தவர்கள் உடனே சொல்வார்கள், அடிமையைப் பற்றி ஒரு நிருபம் இருக்கிறதே என்று. இருக்கிறது. பிலேமோனுக்கு எழுதினது. ஒநேசிமு என்கிற அடிமையைத் திருப்பி அனுப்புகிறேன், இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள் என்பது அதன் சாரம். நல்ல கடிதம்தான். ஆனால் விலாசம் யார் பேரில் இருக்கிறது பாருங்கள். ஆண்டைக்கு எழுதினது அது. ஒநேசிமுவுக்கு எழுதவில்லை. திரும்பிப் போக உனக்கு இஷ்டமா என்று அந்த மனுஷனிடம் கேட்டதாக அதில் ஒரு வரியும் கிடையாது. யோகன்னான் பேசினது ஒநேசிமு பேசினால் எப்படி இருக்குமோ அப்படி.

பிரத்யட்சம் என்றால் கண்ணெதிரே தெரிவது. செத்த பிறகு அல்ல, இந்த மண்ணிலேயே, இந்த ஜனத்துக்கே காணக் கிடைக்கிற ரட்சிப்பு. அடிமைகளாகச் செத்த முன்னோரை நினைத்து அழுவதுதான் அங்கே வழிபாடு. 1921லும் 1931லும் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக இருந்து நிலத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வாதாடியவர் அவர். இது எந்த உபதேசத்தில் சேரும்?

அளவுகோல் என்று இவர்கள் தூக்கிக்கொண்டு வருவது விசுவாசப் பிரமாணம். 325இல் நிசேயாவில் தொடங்கினது. அதை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துக்கொண்டேதான் கேரளத்தில் புலையனுக்குத் தனிக்கோயில் கட்டினார்கள். பிரமாணத்தில் அதைத் தடுக்கிற வரி இல்லையே! மத்தேயு 25இல் இயேசு சொல்கிற கடைசித் தீர்ப்பில் உபதேசத்தைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. சோறு போட்டாயா, துணி கொடுத்தாயா, அவ்வளவுதான். அந்தப் படியில் அளந்தால் பட்டியலில் யார் பேர் ஏறும்?

இது கேரளத்துக் கதை என்று தமிழ்நாட்டுச் சபைகள் தப்பித்துக்கொள்ள முடியாது. எங்கள் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் நடுவே ஒரு சுவர் நிற்கிறது. என் பாட்டி சுவருக்கு இந்தப் பக்கம் கிடக்கிறாள். ஜெபமாலையோடுதான் புதைத்தோம். உபதேசப் பிசகு அவளிடம் ஒன்றும் இல்லை. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் எழுத்தில் ஒப்புக்கொண்டது. அப்படியானால் சுவர் கட்டின சபைகளுக்கு ஒரு துர்உபதேசப் பட்டியல் போட்டார்களா? போடமாட்டார்கள்.

இன்னொரு பக்கம், இறையியல் படித்த நம்ம தோழர்கள் சிலர் யோகன்னானே உண்மைக் கிறிஸ்தவர் என்று கட்டிப்பிடிக்கிறார்கள். இதுவும் வேண்டாம். வெளியே போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவரை இழுத்து வந்து பெஞ்சில் உட்காரவைப்பது என்ன நியாயம்? சபையாரே இன்று தம்மைக் கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவரை ஸ்ரீ குமாரகுருதேவன் என்று கும்பிடுகிறார்கள். அந்தப் பேரும் பூசையும் எனக்கு உவப்பில்லை. கேள்வி கேட்ட மனுஷனைக் கேள்வி கேட்க முடியாத தெய்வமாக்கிவிடும். அதை அவர்களோடு உட்கார்ந்து பேசலாம். பேச வேண்டியது நாம். போதகர் அல்ல.

போதகர் தன் பேச்சை முடிக்கும்போது, மெய்யான கிறிஸ்தவத்துக்குத் திரும்பி வாருங்கள் என்று அந்த ஜனங்களை அழைத்தார். அந்த அழைப்புக்கு ஒரு விலை இருக்கிறது. 1950ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியிலிருந்து வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவ தலித்துக்குக் கதவு திறக்கவில்லை. திறக்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் சொன்னதும் கிடப்பில் கிடக்கிறது. ஞானஸ்நானம் வாங்கின மறுநாள் அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் போய்விடும். ஐயா, அந்தப் பிள்ளைக்கு உங்கள் மிஷன் பள்ளியில் இடம் கொடுப்பீர்களா? காலேஜ் பீஸை யார் கட்டுவார்கள்? படித்து முடித்து வந்தால் உங்கள் டயோசிசில் வேலை உண்டா? செத்தால் சுவருக்கு எந்தப் பக்கம்?