ஒருமுறை கையால் நிறுவிப் பாருங்கள்

கணிதச் சமன்பாடுகளை அழகுற அச்சுக்கோப்பதற்காக டொனால்ட் கனூத் 1978-ல் 'டெக்' என்னும் நிரலை வெளியிட்டார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் எழுப்பியதே 'லேடெக்'. இதற்கு ஆயிரக்கணக்கான துணைத்தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கட்டளையில் அவை தாமாகவே நிறுவிக்கொள்ளும். ஆயினும் ஒன்றையேனும் கையால் நிறுவுங்கள் என்பேன். பொத்தானை மட்டுமே அறிந்தவர், பழுது நேர்ந்தால் அதையேதான் திரும்பத் திரும்ப அழுத்துவார்!

'டிடிஎக்ஸ்' கோப்பில் நிரலும் விளக்கமும் உமியும் அரிசியுமாகக் கலந்திருக்கும். (விளக்கத்தை உமி என்றது நியாயமில்லைதான், அதையும் படியுங்கள்.) உடன் வரும் 'ஐஎன்எஸ்' கோப்பை லேடெக்கில் ஓட்டினால் நிரல் மட்டும் பிரிந்து 'எஸ்டிஒய்' கோப்பாக வெளிவரும். அதைப் பொது அடைவில் வைத்த பின்னும் 'கோப்பு இல்லை' என்று கணிப்பொறி சாதிக்கலாம். கண்ணெதிரே இருக்கிறதே, ஏன்? 'டெக் லைவ்' பதிப்பில் லேடெக் பொது அடைவுகளைத் துழாவுவதில்லை. முன்பே எழுதிவைத்த பட்டியலைத்தான் பார்க்கிறது. நூலகத்தில் புதுப் புத்தகத்தை அடுக்கிவிட்டுப் பதிவேட்டில் எழுத மறந்த கதைதான். 'மேக்டெக்எல்எஸ்ஆர்' என்ற கட்டளை அந்தப் பட்டியலைப் புதுப்பித்துவிடும்.

பள்ளிக் கணிப்பொறியில் பொது அடைவைத் தொட அனுமதி இராது. அங்கே உங்கள் கட்டுரை இருக்கும் அடைவிலேயே எஸ்டிஒய் கோப்பை வைத்துவிடுங்கள். லேடெக் முதலில் தேடுவது அங்கேதான்.